நாச்சம்மாள் வேண்டாமென்ற கம்ப்யூட்டர்

பெண்டாட்டி கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போவது. தாலி கட்டிய அன்றே சென்னப்பன் எடுத்த முடிவு இது. பன்னிரண்டு வருஷமாகப் பிசகில்லை. குடை எடுத்துப் போங்க என்று அவள் சொன்னால் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, "மழையா? எங்க?" என்று தும்மிக்கொண்டே கேட்பார். ஆம்பளைச் சிங்கம்! என்ன, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த சிங்கம்.

கர்நாடகத்து மார்டள்ளியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூரில் டயர் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் கிளார்க்காக உட்கார்ந்தவர். வீட்டில் பேச்சு தமிழ்தான். ஆனால் "வேணும்", "வேண்டாம்" மட்டும் எப்போதோ கன்னடத்துக்கு மாறி "பேக்கு", "பேடா" ஆகிவிட்டன. இதனால் ஒரு தடவை பெரிய ரகளை. நாச்சம்மாளின் அண்ணன் சித்தையன் ஈரோட்டிலிருந்து முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை ரசக் கரண்டியோடு குனிந்து, அன்பொழுக, "பேக்கா?" என்றார். தன்னை மடையன் என்கிறார் என்று நினைத்துச் சித்தையன் எச்சில் கையோடு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். சமாதானம் ஆக ரெண்டு தீபாவளி பிடித்தது.

அதை விடுங்கள். இப்போது சங்கதி கம்ப்யூட்டர்.

நாச்சம்மாள் வீட்டிலேயே டைப்ரைட்டிங் வேலை செய்கிறவள். சிவராம்பேட்டை அச்சகக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆயுதபூஜைக்குள்ள சொந்தமா கம்ப்யூட்டர் வெச்சுக்கங்கம்மா. கல்யாணப் பத்திரிகை மொத்தமும் உங்களுக்கே. இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கறேன்." கம்ப்யூட்டர் கிளாஸ் மூன்று மாதம் ஏற்கெனவே முடித்திருந்தாள். "கிளாஸெல்லாம் எதுக்குங்க, எனக்குப் பயமா இருக்குது" என்று அவள் சொன்ன பாவத்துக்கு, இவரே இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டிருந்தார்.

"ஏனுங்க, கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிரலாமுங்க. டேப்பு பிரிக்காம டப்பாவோட வரும். ஒரு வருசம் வாரண்டி."

"உனக்கென்ன புள்ள தெரியும்? கம்பெனிக்காரன் மேல ஒட்டற பேருக்கே பாதிக் காசு புடுங்கிருவான். தனித்தனியா சாமான் வாங்கிச் சேக்கோணும். அசெம்பிள்!"

"அசிம்பிளா?"

"அசெம்பிள்!"

"பாத்துங்க. அசிங்கமா ஆயிரப் போகுது."

அது போதாதா? மனுஷன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே பிள்ளையார் சுழி போட்டார்.

"மதர்போர்டு பழசே போதுமுங்க. ஒரு மதரைத்தான் இத்தன வருசமா சமாளிச்சிட்டிருக்கறேனே."

"எங்கம்மாளை இழுக்காதே! புதுசுதான்!"

"ராம் எட்டு எம்பி தாராளம்."

"ராம்ல போய்க் கஞ்சத்தனமா? முப்பத்திரண்டு!"

"கறுப்பு வெள்ளை மானிட்டர்..."

"கலர்!"

"சரிங்க. இந்த வீட்டுக்கு மானிட்டர் நீங்கதானே."

சென்னப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

தேவராஜ அரசு ரோட்டில் மாடியில், "அங்க மட்டும் போயிராதீங்க" என்று நாச்சம்மாள் சொன்ன சந்துருவின் கம்ப்யூட்டர் சாமான் கடை. சென்னப்பன் "முப்பத்திரண்டு" என்று வாயைத் திறப்பதற்குள் சந்துரு மேஜைக்கடியிலிருந்து எடுத்து வைத்துவிடுவான். மதர்போர்டும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. நம் பேச்சில் இருக்கிற கம்பீரம் கடைக்காரனையே ஆட்டி வைக்கிறது என்று சென்னப்பன் நினைத்தார். ஃபேக்டரி கேன்டீனிலும் விளாசித் தள்ளினார். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தா இன்னேரம் ஒரு தகர டப்பாவை வாங்கிட்டு வந்து நின்னிருப்பேன்" என்றார்.

ஆயுதபூஜைக்கு நாலு நாள் முந்தி நாச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். பிரிண்டர் மட்டும் வாங்கிராதீங்க. வீடு தாங்காது."

அன்று சாயங்காலமே ஆட்டோவில் பிரிண்டர் வந்து இறங்கியது.

ஆயுதபூஜை அன்று சந்துரு வந்து எல்லா ஒயரையும் மாட்டினான். ஹாலில் மேஜை. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்குச் சாமந்தி மாலை. அச்சகக்காரர் வந்திருந்தார், எதிர்வீட்டு ரூபா வந்திருந்தாள். சென்னப்பன் பூசணிக்காயைச் சுற்றி வாசலில் போட்டு உடைத்துவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினார். உர்ரென்று ஒரு சத்தம். திரையில் வெளிச்சம் வந்ததும் நாச்சம்மாள் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் படபடவென்று அடித்தாள். பிரிண்டர் கறகறவென்று கத்தித் தாளைத் துப்பியது.

"நாளையிலிருந்தே வேலை அனுப்பறேம்மா" என்றார் அச்சகக்காரர். நாச்சம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சென்னப்பன் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் நம்ம செலக்ஷன். இவ ஒண்ணொண்ணுக்கும் பேடா, பேடான்னா. நான் காதுல போட்டுக்கல."

அப்போதுதான் சந்துரு சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான்.

"அக்கா, ஆடி மாசம் நீங்க குடுத்த லிஸ்டு. எல்லாம் வந்திருச்சான்னு ஒரு தடவ பாத்துக்கங்க. கடைசி வரிதான் எனக்கு வெளங்கல."

ஆடி மாசமா? அவர் பிள்ளையார் சுழி போட்டதே ஆவணியில்! சென்னப்பன் சீட்டைப் பிடுங்கினார். நாச்சம்மாளின் குண்டு குண்டுக் கையெழுத்து.

கம்பெனி கம்ப்யூட்டர் – பேடா.
அசெம்பிள் – பேக்கு.
புது மதர்போர்டு – பேக்கு.
ராம் 32, ஹார்ட் டிஸ்க் – பேக்கு.
கலர் மானிட்டர் – பேக்கு.
பிரிண்டர் – பேக்கு.
கடைக்கு அனுப்ப – பேக்கு.

சென்னப்பனின் முகம் பூஜைப் பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. ஆனாலும் கிளார்க் புத்தி போகுமா? எங்காவது ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் விடுவாரா? கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதென்ன புள்ள? கடைக்கு அனுப்ப என்ன வேணும்னே எழுதல? பையா, சைக்கிளா? வெறும் பேக்குன்னு நிக்குது!"

நாச்சம்மாள் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மேல இருக்கறதெல்லாம் கன்னடமுங்க. கடைசி வரி மட்டும் எங்கண்ணனுக்குப் புரிஞ்ச தமிழு."