அக்வேரியத்தின் கம்ப்யூட்டருக்கு வந்த ஜுரம்

பெங்களூர் விவேக் நகரில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் வைரஸுக்குப் பயந்தார்கள், கரண்ட் கட்டுக்குப் பயந்தார்கள். கம்ப்யூட்டருக்கு வேர்க்கிறதே என்று உருகிய ஒரே மனிதர் அக்வேரியம்தான்.

ரோஸி ஆன்ட்டி வீட்டு மாடியில் அவருக்கும் எனக்கும் எதிரெதிர் அறை. அவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. எனக்குப் பத்திரிகையில் மாலை ஷிப்ட். ஏப்ரல் வெயிலில் மேசை விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தனக்கு அட்டையால் விசிறிக்கொள்வார். காற்றாடட்டும் என்று அதன் பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றியிருந்தார்.

"பாவம் சார், எழுபது டிகிரி அடிக்குது. நமக்கு நூறு வந்தாலே லீவு போட்டுப் படுத்துக்குறோம்."

இரண்டும் வேறு வேறு டிகிரி என்று விளக்கிப் பார்த்தேன்.

"கஷ்டம் ஒண்ணுதானே சார்" என்றார்.

அந்த ஜுரத்துக்குக் காரணமும் அவரேதான். வீடியோ வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று பிராசஸரை அதன் சக்திக்கு மீறிய வேகத்தில் ஓடவிட்டிருந்தார். அவசரத்துக்குக் காரணம் ரோஸி ஆன்ட்டியின் மகள் ஸ்டெல்லா. அவள் கல்யாணத்தை இரவல் கேமராவில் இவர்தான் எடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மஸ்கட்டில் நர்ஸ். லீவு கிடைக்காமல் மகன் கல்யாணத்துக்கே வர முடியாமல் போனவர். ஞாயிறு மாலை மஸ்கட் புறப்படும் ஜோடி அவருக்காக எடுத்துப்போக வேண்டியது ஒரே ஒரு சி.டி.

அந்த சி.டி. உருவாக மறுத்தது. வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே படமாகக் கோக்க கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓடவேண்டும். ஆனால் மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்து ஸ்டெல்லாவின் விரலருகே கொண்டுபோகும் இடம் வந்ததும், சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி அதே மோதிரம்.

கீழேயிருந்து காப்பியுடன் வந்த ரோஸி ஆன்ட்டி திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஏசுவே! அந்தப் புள்ள எத்தனை வாட்டிதாண்டா மோதிரத்தை நீட்டிக்கினே நிப்பான்? என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா?"

"ஆச்சு ஆன்ட்டி. கம்ப்யூட்டர்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

அன்றுதான் அக்வேரியம் தண்ணீர் வைத்தியத்துக்கு முடிவெடுத்தார். கார் இன்ஜினைத் தண்ணீர் குளிர்விப்பதுபோல் பிராசஸரையும் குளிர்விக்கலாம் என்று இன்டர்நெட் சென்டரில் படித்திருந்தார். மீன் தொட்டிக்கடையில் ஒரு பம்பும் கண்ணாடித் தொட்டியும் வாங்கினார். எந்த மீன் வேண்டும் என்று கேட்ட கடைக்காரரிடம், "மீன் வேணாம், அதுக்குச் சூடு ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தார். தெரு அன்றே அவருக்கு அக்வேரியம் என்று பெயர் வைத்தது. வாடகை ரசீதில் இருந்த பெயர் அதன்பின் புழக்கத்தில் இல்லை.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் ஒரு குட்டி ரேடியேட்டர் கிடைத்தது. காருக்குள் கதகதப்புத் தரும் ஹீட்டருக்கானது. பெங்களூரில் அந்த ஹீட்டரை யாரும் போட்டதே இல்லை என்பதால் புத்தம் புதிதாக இருந்தது. பிராசஸர் மேல் உட்காரவைக்க, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புக் கட்டி ஒன்று வேண்டும். அதைக் கடைய ஆடுகோடி லேத் பட்டறைக்கு நானும் கூடப் போனேன்.

"எந்த வண்டிக்கு குரு?" என்றார் பட்டறைக்காரர்.

"கம்ப்யூட்டருக்கு."

"மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

"கல்யாணத்துல பாதி."

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்து வைத்து, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு ஒழுகுகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது விதி. குழாய் இணைப்புகளின் அடியில் எங்கள் பத்திரிகையைத் தாள் தாளாக விரித்தார். குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு பத்தியாக ஈரம் தேடினார். எங்கள் ஞாயிறு இணைப்பை அத்தனை கவனமாகப் படித்த வாசகரை நான் வேறு கண்டதில்லை.

ஞாயிறு காலை கம்ப்யூட்டரை ஓடவிட்டார். சூடு ஏறவில்லை. அக்வேரியம் அறைக்குள் கோயிலில் நடப்பதுபோல் செருப்பில்லாமல் நடந்தார். மத்தியானம்தான், எழுதுவதற்குக் காலி சி.டி. வாங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஆன்ட்டி, தொட்டில தண்ணி குறைஞ்சா கேன்ல இருக்குற பேட்டரி தண்ணிய ஊத்துங்க. சுத்தமான தண்ணிதான் ஊத்தணும். குழாய்த் தண்ணி கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

குழாய்க்குள் ஒளிந்திருந்த காற்று வெளியேற வெளியேற, தொட்டியில் தண்ணீர் இறங்கியது. கேனில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கி, பம்பு கொர்ர் என்று காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. திரையில் மாப்பிள்ளை மோதிரப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பேட்டரி தண்ணீர் வாங்கப் பெட்ரோல் பங்குக்கு ஓட நான் செருப்பைத் தேடுவதற்குள், ரோஸி ஆன்ட்டி கீழே போய் ஒரு பாட்டிலுடன் வந்து, சிலுவை போட்டு, மொத்தத்தையும் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

"ஆன்ட்டி, இது என்ன தண்ணி?"

"வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துல ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த தீர்த்தம். சுத்தமானதுதானே கேட்டான்? இதவிட சுத்தம் எதுப்பா?"

திரும்பி வந்த அக்வேரியம் காலி பாட்டிலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"உப்பு போட்டு மந்திரிச்சதா ஆன்ட்டி?"

"ஆமா. ஏன், டேஸ்ட் கெட்டுடுமா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. குழாய்க்குள்ளயே ஓடிச்சுன்னா எந்தத் தண்ணியும் ஓகே. உப்புத் தண்ணில கரண்ட் பாயும், ஒரு சொட்டு வெளிய வந்தாதான் பேஜாரு."

சொல்லிவிட்டுப் பத்திரிகைத் தாள்களின் மேல் படுத்துவிட்டார். ஆன்ட்டி ஜெபமாலையை எடுத்தார். எனக்கு இரண்டு வேலையும் தெரியாததால் திரையைப் பார்த்தேன். மோதிரம் விரலருகே வந்தது. நின்றது போலிருந்தது. பிறகு விரலுக்குள் போனது.

"போட்டுட்டான்!" என்று கத்தினேன்.

"எங்க ஒழுகுது?" என்று அக்வேரியம் ஒழுகல் பயத்தில் துள்ளி எழுந்து, மேசையில் தலையை இடித்துக்கொண்டார்.

டாக்சி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, சுடச்சுட சி.டி. ஸ்டெல்லாவின் கைப்பைக்குள் போனது. பிறகு தீர்த்தம் கலந்த தண்ணீரை மாற்றும்போது அக்வேரியம் அதைச் சாக்கடையில் கொட்டவில்லை. வெறுங்காலோடு இறங்கிப்போய் ஆன்ட்டியின் ரோஜாத் தொட்டிகளுக்குப் பங்கிட்டு ஊற்றினார். அப்படிச் செய்ய அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆன்ட்டி வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மஸ்கட்டிலிருந்து சம்பந்தியின் போன் வந்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடி ஆன்ட்டி எங்களுக்கு ஒலிபரப்பினார்.

"டூட்டி முடிஞ்சு வந்து டெய்லி பாக்குறாங்களாம்... மோதிரம் போடறத மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறாங்களாம்... தம்பி, அந்த எடத்துல கேமராவுக்குப் பக்கத்துல யாரோ தேம்பித் தேம்பி அழற சத்தம் கேக்குதாமே, யாருன்னு கேக்குறாங்க."

அக்வேரியம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கோயில் ஃபேன் சத்தம்னு சொல்லுங்க ஆன்ட்டி."

கல்யாணத்தன்று கோயிலில் காலை முழுக்க கரண்ட் இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.