பர்தோன் சார் சொன்ன ‘வர்றேன்’

காரைக்காலுக்கு எத்தனையோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டவர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவருடைய உண்மையான பெயர் நீளமாக ஏதோ இருந்தது. யார் மீதாவது இடித்துவிட்டால், பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு “பர்தோன்” என்பார். இடித்துவிடுவோமோ என்று தோன்றினாலும் “பர்தோன்” என்பார். எதிரே வருவது ஆடா ஆளா என்றெல்லாம் பார்க்கமாட்டார். வந்த வாரத்திலேயே எங்கள் தருமபுரம் தெரு அவருக்குப் பர்தோன் சார் என்று பெயர் வைத்துவிட்டது.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். மகன் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாமே பிரான்சில்தான். அம்மாவிடம் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம் இருந்தது. அது சமையலறையைத் தாண்டாத தமிழ். “உப்பு போதுமா?” என்று அழகாகக் கேட்பார். ‘நகராட்சி’ என்றால் விழிப்பார். அப்பா பிறந்த ஊரில் ஆறு மாதம் இருந்து பார்க்கும் ஆசையில், செல்போன் எங்கள் தெருவுக்குள் நுழைந்திருந்த காலத்தில், பக்கத்து வீட்டு மாடிக்குக் குடி வந்தார். சொந்த ஊர் என்றுதான் பெயர். அவருக்கு அது முழுக்க முழுக்க அந்நிய ஊர்.

கடைக்குப் போனால் வரிசையைத் தேடுவார். எங்கள் ஊர்க் கடைகளில் வரிசை ஏது? ஒருநாள் மளிகைக் கடைத் தூணில் சும்மா சாய்ந்திருந்த ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர். பஸ் வந்து அவர் ஏறிப் போன பிறகுதான் சாருக்குப் பருப்பு கிடைத்தது. ஆட்டோக்காரர் சரி என்று தலையை ஆட்டினால், முடியாது என்கிறார் என நினைத்து “மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். ஆட்டோ பின்னாலேயே உருண்டு போகும்.

எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் முதலில் மாடியிலிருந்து போன் வரும், இப்போது வரலாமா, தொந்தரவாக இருக்குமா என்று. கறிவேப்பிலைக்குப் போன் செய்து வந்த ஒரே மனிதர் அவர்தான் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். நாங்களோ கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய் நிற்போம். பாவம், அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வருவார்.

எதிர்வீட்டுக் கலியபெருமாள் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். ஒரு சாயங்காலம் சாருடைய தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, “வர்றேங்க” என்று சொல்லிக் கிளம்பினார். பர்தோன் சார் இரண்டு கோப்பை காபி போட்டு வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்திருக்கிறார். தான் ஏதாவது தவறாகச் சொல்லி அவர் கோபித்துக்கொண்டாரோ என்று மறுநாள் என் மனைவியிடம் கவலையோடு விசாரித்தார்.

“போறேன்னு சொல்லக் கூடாதுங்க. கிளம்புறப்பவும் வர்றேன்னுதான் சொல்லணும்” என்றாள் அவள்.

“வரலேன்னா?”

“வராட்டியும் வர்றேன்தான்.”

பாடம் பிடித்துப்போய்விட்டது. பழக்கடையில் சொன்னார், தபால் நிலையத்தில் சொன்னார், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டரிடமும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக்கின் மனைவி இறந்துபோனார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. கலியபெருமாள் காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பெண்களின் அழுகைக்கு நடுவே அவருடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பர்தோன் சார், இப்போது வரலாமா என்று கேட்டார். துக்கத்துக்குக் கேட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை என்றேன். கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவான தமிழில் சொன்னார்:

“நான் போயிட்டு வர்றேன்.”

அழுகை நின்றுவிட்டது. இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்த ஒரு விலக்கைச் சொல்லிக்கொடுக்க என் மனைவி மறந்துவிட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக்கின் அக்கா, “என்ன வார்த்தைய சொல்லிட்டாரு இந்த மனுசன்” என்று எழுந்தார். அப்போதுதான் கலியபெருமாள் தலையை நிமிர்த்தினார்.

“வாங்க சார்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் விஷயத்தை எடுத்துச் சொன்னோம். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “நான் வர்றேன்னு சொன்னேன். அவர் வாங்கன்னு சொன்னார். அப்ப நான் போகணும்” என்றார்.

மறுநாள் போனார். அதற்கடுத்த நாளும் போனார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். நாங்கள் எல்லாரும், விதி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். பர்தோன் சாருடைய தமிழில் அந்த வார்த்தைகளே கிடையாது. அதனால் சும்மா போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பர்தோன் சார் கேட்டார்:

“உங்க மனைவி பேர் என்ன?”

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்கள் தெருவுக்கு அவர் மெக்கானிக் வீட்டம்மா, அவ்வளவுதான்.

“செண்பகம்” என்றார் கலியபெருமாள்.

“செண்பகம் எப்படி சிரிப்பாங்க?”

இழவு விழுந்த வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா? நான் அவர் காலை மிதிக்கலாமா என்று பார்த்தேன். கலியபெருமாள் சார் பக்கம் திரும்பினார்.

“சத்தமே வராது சார். தோளு மட்டும் குலுங்கும். பாக்குறவங்க அழுவுறான்னு நெனச்சுக்குவாங்க. எங்க கல்யாணத்துல அப்படித்தான், எங்கம்மா பயந்துபோயி தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.”

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. மனைவி இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. பிறகு இருட்டும்வரை செண்பகத்தைப் பற்றியே பேசினார். சில நாள் கழித்து டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார்.

பர்தோன் சாருக்கு ஆறு மாதம் முடிந்தது. சென்னை விமான நிலையத்துக்குப் போக விடியற்காலையில் கார் வந்து நின்றது. அவர் தெருவில் ஒவ்வொருவருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, கைகொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நின்ற கலியபெருமாள் கிரீஸ் கறை போகாத தம் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவரும் இழுக்கவில்லை.

டிரைவர் நேரமாகிறதென்று ஹாரன் அடித்தான். நாங்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.