வாங்குகிறவர் கையெழுத்து

புந்தோங், ஈப்போ
14.3.1981

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சீனி அவர்களுக்கு, பிச்சைமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் சௌக்கியம். தெலுக் இந்தானில் நீங்களும் என் தங்கச்சி நல்லம்மாளும் பாசாரில் உங்கள் மீன் கடையும் குறையில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். உங்களுக்குப் பேர் போடுவதைத் தவிர எழுத்து வராவிட்டாலும், நல்லம்மாள் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் சூசா, சிக்கல்தான். முதலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காருங்கள்.

போன வருஷம் நான் வாட்ச்மேன் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் கேட்டைப் பூட்டும்போது மயங்கி விழுந்தேன் அல்லவா, டாக்டர் இனிப்புநீர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், அதிலிருந்து நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சீனி இல்லாத தேத்தண்ணியே இப்போது ருசியாக இருக்கிறது (உங்களைச் சொல்லவில்லை). ஆனால் அன்றைக்குத் தரையில் கிடந்தபோது ஒரே ஒரு நினைப்புதான். உங்கள் கூடப்பிறந்த முத்தம்மா போய் மூன்று வருஷம். நானும் போய்விட்டால் ஒன்பது வயசுப் பாப்பா யாரிடம் போவாள்? பயந்துவிட்டேன் மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதனால்தான் தைப்பூசத்துக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது அந்த உயிலை எழுதினேன்.

உயில் எழுதியது நான். யாரிடமும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் தோட்டத்தில் பால் மரம் சீவியவனுக்குத் தாள் எழுதத் தெரியாதா என்ற திமிர். சம்பள நாளில் கணக்கெழுதுகிற கிராணி செக்ரோல் புத்தகத்தை எப்படிக் கோடு போட்டு வைத்திருப்பார்? பேர், என்ன வாங்குகிறான், வாங்குகிறவன் கையெழுத்து. கையெழுத்துப் போடாதவனுக்கு ஒரு காசு கிடையாது. நானும் அதேபோல் கட்டம் கட்டினேன். பலகை வீடு பாப்பாவுக்கு. ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் உங்களுக்கு. முத்தம்மாவின் தையல் மிஷின் நல்லம்மாளுக்கு. கடைசி வரியில், பாப்பாவை வளர்க்கும் பொறுப்பு தாய்மாமன் சீனிக்கு. அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். அதை வாய்விட்டுப் படிக்க எனக்கு மனசு வரவில்லை, ஆகவே பாப்பாவிடமே தாளைக் கொடுத்து, காட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் வரியில் பேரை எழுதிப் பக்கத்தில் ஒரு பூவும் போட்டாள். நல்லம்மாள் அடுப்படியில் கோழியோடு இருந்ததால் அவள் வரிக்கும் சேர்த்து நீங்களே போட்டீர்கள்.

போன வாரம் ஈப்போ டவுனில் லாயர் சொக்கநாதனிடம், முத்திரை மட்டும் குத்தித் தரச் சொல்லிக் கொண்டுபோனேன். அவர் படித்தார். திருப்பிப் படித்தார். "என்னய்யா இது, சம்பளப் பட்டியலா?" என்றார். உயிலா இருந்தா ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணுமாம், சரி, போட்டிருக்காங்களே என்றேன். "அதுதான்யா வம்பு. சாட்சி போட்டவனுக்கு உயில்ல எழுதினது செல்லாது. அவன் பெண்டாட்டிக்கு எழுதினதும் செல்லாது. வாங்குறவனையே வரிசையா நிக்க வச்சுக் கையெழுத்து வாங்கின ஒரே ஆள் இந்த பேராக் மாநிலத்துல நீர்தான்" என்றார். ஆக, மச்சான், உங்கள் கையெழுத்தால் உங்கள் ஹோண்டா போச்சு. அதே கையெழுத்தால் என் தங்கச்சியின் மிஷினும் போச்சு. பாப்பா பூப் போட்டு வீட்டையே இழந்துவிட்டாள். அப்புறம் அவரே, பயப்படாதீர், ஒரே பிள்ளை, தாயும் இல்லை, உயிலே இல்லாவிட்டாலும் வீடு சட்டப்படி அவளுக்குத்தான் வரும் என்றார். அப்படியானால் நான் எதற்கு மூன்று நாள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்?

கடைசி வரியைக் கேட்டேன். பிள்ளையை வளர்ப்பது சொத்து இல்லை, பொறுப்பு, சாட்சி போட்டவனும் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். எல்லாம் அடிபட்டுப் போய், நீங்கள் வாங்கினதாகக் கையெழுத்துப் போட்டதில் மிச்சம் நிற்பது பாப்பா ஒருத்திதான். வருகிற 28ஆம் தேதி ஒழுங்காக டைப் அடித்துப் புது உயில் போடுகிறோம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ராமையாவும் கடைக்காரர் உடையப்பனும் வருகிறார்கள். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லையே, ஆளுக்கு ஒரு கோழி என்று உயிலிலேயே எழுதிவிடலாமா என்று கேட்டேன். லாயர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஹோண்டாவையும் மிஷினையும் நான் பாசத்தில் எழுதவில்லை. மீன் கடையில் உங்களுக்கே இழுபறி, வெறும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தால் பாரமாக நினைப்பீர்களோ என்று பயந்து கூடவே சேர்த்துக் கட்டினேன். அந்த இரண்டும் இல்லாமல், பாப்பாவை மட்டும் என்றாலும் வாங்கிக்கொள்வீர்களா? 28ஆம் தேதிக்குள் நல்லம்மாளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுசும், கடைக்கு நல்ல இறாலும் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பி.கு.: மடிப்பதற்கு முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதைப் பாப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமாவுக்கு ஹோண்டா விஷயமே தெரியாதுலா அப்பா" என்றாள். எப்படி என்றேன். "மாமா எதையும் படிச்சுக் காட்டச் சொல்லல. 'இதுல நீ எந்த வரி புள்ள?'ன்னு மட்டும்தான் கேட்டாரு. காட்டுனேன். அதுல மட்டும் பேர முழுசா போட்டாரு. மத்த ரெண்டுலயும் சும்மா கிறுக்கிட்டாரு." பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது மச்சான். பதில் எழுத வேண்டாம்.

நல்லம்மா, மச்சானுக்கு வாசித்துக் காட்டும்போது ஹோண்டா வருகிற இடத்தையெல்லாம் விட்டுவிடு. மிஷின் வருகிற இடத்தை நீயும் படிக்காதே.