உப்பு சாரின் நங்கூரம்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ரசத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பரிசோதித்த பிறகு சாப்பிடும் இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதற்குச் சம்பள நாளில் மட்டும்தான் வேலை. எங்களுக்கு அவர் உப்பு சார்.

ஒதியம்பட்டுக்கு அப்பால் வயலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் ஆபீஸ். பழங்காலத்தில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த இரும்புச் சாமான்கள் அங்கே வந்து சேரும். நான் கிளார்க், அவர் வேதியியல் படித்த அதிகாரி. கடலில் கிடந்த இரும்பு உள்ளுக்குள் உப்பைக் குடித்திருக்கும். அப்படியே காயவிட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். அதனால் தொட்டியில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் வருடக்கணக்கில் ஊறப்போட்டு, உப்பு இறங்க இறங்கத் தண்ணீரை மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு மருந்தைச் சொட்டுவார். பால் போல வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது. தெளிவாக நின்றால் இரும்பு பிழைத்தது.

அந்த மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததுதான் வம்பு. மதகடிப்பட்டு ஓட்டலில் ஒருநாள் ரசத்தைச் சோதித்துவிட்டு, உப்பு தூக்கல் என்று முதலாளியைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நாக்குல வச்சாலே தெரியுமே சார்" என்றார் முதலாளி பாவமாக.

வியர்வையும் உப்பு என்பதால் மனிதர் கை எதுவும் இரும்பில் படக்கூடாது. பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவர் பீரங்கிக் குண்டைத் தடவக் கையை நீட்டினார். உப்பு சார் நடுவே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொட்டகையைச் சுற்றி முடிக்கும்வரை விடவேயில்லை. இப்படி ஒரு மரியாதையை எங்கேயும் பார்த்ததில்லை என்று அந்த மனிதர் உருகிப்போனார்.

அவர் உயிர் இருந்தது ஒரு நங்கூரத்தில். காலையில் வணக்கம் முதலில் அதற்கு, பிறகுதான் எங்களுக்கு. ஓய்வு பெறுவதற்குள் அதைத் தன் கையாலேயே வெளியே எடுத்து, மெழுகு பூசி, காட்சிக்கு நிறுத்திவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. கடைசி மாதத்தில் ஒரு காலை, சொட்டிய மருந்துக்குத் தண்ணீர் வெளுக்கவில்லை. எல்லோருக்கும் கமர்கட் வாங்கிக் கொடுத்தார். எடுக்க நாளும் குறித்தாயிற்று.

செய்தி பரவி ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மறுநாள் அவருக்கு ஜுரம். ஜுரத்தோடு வந்து தொட்டியருகே நின்றார். ஆபீஸ் பெருக்கும் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை சுற்றினாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தால்தானே திருஷ்டி கரையும்? கிட்டத்தில் இருந்த தண்ணீர் நங்கூரத் தொட்டிதான்.

சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாம்மா போட்ட?"

"உப்பு சார். ஊரு கண்ணு மொத்தமும் உங்க மேலதான் இருக்குது. இரும்புக்கு இன்னா ஆவப்போவுது? நீங்க நல்லா இருக்கணும்."

அவர் கை சட்டைப் பையிலிருந்த மருந்துக்குப் போய், எடுக்காமலே திரும்பியது.

"கையில தெறிச்சிதாம்மா? காஸ்டிக் தோலைப் பொசுக்கிடும், மொதல்ல போய்க் கழுவு" என்றார். பிறகு மெதுவாக, "ஜுரம் எறங்கிடுச்சி போல" என்றார்.

ஒரு பிடி உப்புதானே, தண்ணீரை மாற்றிவிட்டுக் குறித்த நாளிலேயே எடுங்கள் என்று மேலதிகாரி போனில் சொன்னார். உப்பு சார் சம்மதிக்கவில்லை. இன்னும் சில மாதம் சோதித்தால்தான் நிச்சயம், அவசரப்பட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே உதிரும் என்றார். உப்பு எப்படி விழுந்தது என்று கேட்டதற்கு, தன் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னார்.

நங்கூரம் தண்ணீரில் இருக்கும்போதே அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பும் நாளில் விக்கி விக்கி அழுத கன்னியம்மாவை, தொட்டிக்குத் தள்ளி நின்று அழச் சொன்னார்.

அவருக்குப் பிறகு வந்த அதிகாரிதான் நங்கூரத்தை வெளியே எடுத்தார். ஒரு செதில்கூட உதிராமல் இன்று அது காட்சிக்கூடத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பு சார் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் போவேன். நங்கூரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்வது. பார்த்துவிட்டு வருவது அவரை.