அக்காவின் மாத்திரையும் டி.வி.யின் ஃபியூசும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அக்காவும் நலம் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், சொல்லிவிட்டேன். உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கோபமெல்லாம் உன் மேல்தான். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன் பாச்சா பலிக்காது. உட்கார்ந்து கடைசி வரை படி.

பிரஷர் மாத்திரை ஞாபகசக்தியைத் தின்றுவிடும் என்று ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற வீடியோவை அக்காவின் போனுக்கு அனுப்பினாயே, அதைப் பார்த்த அன்றே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "மூக்குக்கண்ணாடிய ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு வீடெல்லாம் தேடினேனே, அது இந்த மாத்திரை பண்ற வேலைதான். சின்னவன் படிச்சவன், சும்மா அனுப்புவானா?" என்கிறாள். நீ படித்தது பாலம் கட்டுகிற படிப்பு. அது போதாதென்று சனிக்கிழமை காரோடு வந்து அவளை உன் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகவும், அங்கே மாத்திரையே வேண்டாம், ஏதோ பொடி தருவதாகவும் சொல்லியிருக்கிறாய். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசவும் சண்டை போடவும் இருப்பது அக்கா ஒருத்திதான். அவளை அனுப்ப மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை, முடிவு செய்து எழுதுகிறேன்.

அவள் மாத்திரையை நிறுத்திய மறுநாளே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். உன் வீடியோவைக் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மாத்திரைய நிறுத்தினாத்தாம்மா ஆபத்து. பிரஷர் ஏறியே கிடந்தா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கெட்டுப்போகும், ஞாபகமும் போகும். தலைசுத்தல் ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தர்றேன். நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். "சார், உங்களுக்கும் பிரஷர் பாத்துடலாமா?" என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். வந்தது அக்காவுக்காக, நான் எதற்கு நடுவில்?

வீட்டுக்கு வந்ததும் என் தொழில்மூளை வேலை செய்தது. ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது எந்த லைனில் கை வைத்தாலும் முதலில் அதன் ஃபியூசைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அப்புறம் என்னைக் கேட்காமல் முதலாளியே வந்தாலும் கரண்ட் கொடுக்க முடியாது. அதே முறையை அக்காவுக்கும் வைத்தேன். காலையில் டி.வி.யின் ஃபியூஸ் என் பையில். என் கண்முன்னால் மாத்திரை தொண்டையில் இறங்கினால்தான் ஃபியூஸ் பெட்டிக்குத் திரும்பும், அவளுடைய சீரியலும் ஓடும். "என்னடா இது, ஜெயில் மாதிரி?" என்று முணுமுணுத்தாள், ஆனால் விழுங்கினாள். நான் விடுவேனா?

நடுவில் சின்னச் சின்னச் சிக்கல்கள் வந்தன, மறைக்கவில்லை. ஒரு நாள் டி.வி.க்குப் பதிலாக ஃபிரிட்ஜின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டேன், பால் முழுக்கத் திரிந்துபோயிற்று, நான் எழுதி ஒட்டிய சீட்டு மங்கிப்போனால் அது என் தப்பா? இன்னொரு நாள் சட்டையோடு அந்தப் பீங்கான் ஃபியூசும் இஸ்திரிக் கடைக்குப் போய்விட்டது, "பாக்கெட்டுல பீங்கான வெச்சு அனுப்பினா நான் எப்படி சார் தேய்க்கறது?" என்று அந்த மனுஷன் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார். அதற்கடுத்து மாடி வீட்டுத் தையல்காரர் கையில் கால்சட்டையோடு இறங்கி வந்து நின்றார். "ஐயா, ஒரு கால் தெச்சாச்சு. இன்னொரு கால் மிஷின்ல நிக்குது. என் ஃபியூசக் குடுத்தீங்கன்னா பேன்ட் முழுசாகும்." எல்லா வீட்டுப் பெட்டியையும் படிக்கட்டுக்கு அடியில் ஒன்றாக வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது?

ஆனால் ஒன்றைக் கவனி. ஒவ்வொரு தடவையும் நான் தேடும்போது அக்காதான், "தேடாதடா, நேத்துப் போட்ட சட்டையில இருக்கு" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவள் ஞாபகசக்தி எவ்வளவு தேறியிருக்கிறது, பார். இன்னும் ஒரே ஒரு மறதிதான் பாக்கி. தினமும் காலையில், "நான் மாத்திரை போட்டேனா இல்லையாடா?" என்று கேட்பாள். நானும் மாத்திரை வைக்கிற தகர டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். அதையும் சரிசெய்துவிடுவேன். ஆகையால் சனிக்கிழமை நீ வர வேண்டாம், காருக்கு பெட்ரோல் மிச்சம். பொடியை நீயே சாப்பிடு.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வாழ்த்துகிறேன், உன்னையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
முடிவை மாற்றாத உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டாள். தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தாள். அவளுடைய மாத்திரை அட்டையில் இன்று வரைக்கும் எல்லாக் குழியும் காலி. பக்கத்தில் இன்னொரு அட்டை, ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. அது என்னுடையது. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு என்பதை மேலே எழுத மறந்திருக்கிறேன்.

"போட்டேனா இல்லையான்னு தினமும் கேட்டது, எனக்குத் தெரியாமலா? டப்பாவத் திறந்தா உன் அட்டையும் கண்ணுல படுமேன்னுதான்" என்றாள். "நேரா சொல்றதுதானே?" என்றேன். "சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மறந்துட்டே" என்றாள். அப்போது அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது, தம்பி.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் என் அறையில் விளக்கும் இல்லை, ஃபேனும் ஓடவில்லை. அந்த ஃபியூஸ் இப்போது அக்காவின் கைப்பையில் இருக்கிறது. அவளை அனுப்ப மாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை, காரணம்தான் மாறிவிட்டது. சனிக்கிழமை காரோடு வா. என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக அக்காவுக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டுமாம்.