வீட்டுக்காரரின் சரணாகதி

அந்தத் தெருவில் கடவுளை நம்பாதவர்கள் இருந்தார்கள். டாக்டரை நம்பாதவர்கள் இருந்தார்கள். சமாதானச் சாமியை நம்பாதவர் ஒருவர்கூட இல்லை.

சாமியின் தொழில், மீன்களுக்குள் சமாதானம் செய்துவைப்பது.

சிரிக்காதீர்கள். தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைக்கும் பைத்தியம் அப்போது பரவியிருந்தது. ஒரு வீட்டில் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைவிட ஒரு சாண் நீளமாக வைத்தார். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. உப்பைக் கரைத்தார்கள், கல்லை அடுக்கினார்கள், மீனை விட்டார்கள். முதல் மீன் சுகமாக இருந்தது. இரண்டாவது மீன் வந்ததும் முதல் மீன் அதைக் கடித்தே கொன்றது. மூன்றாவதையும் கொன்றது.

மனிதர்களாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். மீனாகப் போய்விட்டதால் சாமியிடம் போனார்கள்.

சாமி நீல அங்கியில் வருவார். தொட்டியின் முன் உட்கார்ந்து கண்ணை மூடுவார். "மோட்டாரை நிறுத்து. சத்தத்துல கடல் பேசாது" என்பார். நிறுத்துவார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயில் தீர்த்தம் எடுத்து, முரட்டு மீன் பதுங்கியிருக்கும் பொந்தின் வாயில் விடுவார். பிறகு மந்திரம். அது எந்த மொழி என்று யாருக்கும் தெரியாது. மீனின் மொழி என்றார் சாமி. மீன் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முரட்டு மீன் தள்ளாடும். ஒருக்களித்துச் சாயும். மணலில் படுத்துவிடும்.

"சரணாகதி!" என்பார் சாமி.

கூட்டம் கை கூப்பும். புது மீனை விடுவார்கள். சாமி காணிக்கையை வாங்கிக்கொண்டு, மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். மோட்டார் ஓடி, தண்ணீர் கலங்கி, முரட்டு மீன் எழுந்து உட்காரும் நேரத்தில் சாமி அடுத்த தெருவில் இருப்பார்.

மறுநாள் பல வீடுகளில் புது மீன் மல்லாந்து மிதக்கும். அதற்கும் சாமியிடம் பதில் இருந்தது.

"உங்க வீட்டுல யாருக்கோ நம்பிக்கை குறைவு."

உடனே வீட்டில் விசாரணை தொடங்கும். மாமியார் மருமகளைப் பார்ப்பாள். மருமகள் மாமியாரைப் பார்ப்பாள். மீனை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அதே தெருவில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அவரும் ஒரு தொட்டி வைத்திருந்தார். மீனைப் பார்த்தால் பயம் தெளியும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு நீல மீன். எந்தக் குடித்தனக்காரரையும் சேர்க்காததால் நோயாளிகள் அதற்கு வீட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காரர் அதுவரை இரண்டு பேரைக் காலி செய்திருந்தார். பல் பிடுங்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது பிணத்தை. சிலர் வலி போய்விட்டது என்று சொல்லி எழுந்து போனார்கள்.

மூன்றாவதாக ஒரு கோமாளி மீன் வாங்கினார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. டாக்டரின் மகள்தான் கடையில் தேர்ந்தெடுத்தாள். சின்னதாக இருந்ததால் சில்லறை என்று கூப்பிட்டாள். முன்பு செத்த இரண்டுக்கும் சாப்பிடாமல் அழுதவள் அவள்.

"இதுவும் செத்துப் போச்சுன்னா எனக்கு மீனே வேணாம்மா. அந்த ரூம் பக்கமே வர மாட்டேன்."

"இது சாகாது" என்றாள் அம்மா.

டாக்டர் மனைவி இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். யோசிக்காமல் உத்தரவாதம் கொடுக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று கொடுத்துவிட்டாள்.

டாக்டர் சாமிக்குச் சொல்லி அனுப்பினார்.

"நீங்க படிச்சவர்தானே?" என்றாள் மனைவி.

"நான் படிச்சது பல்லும்மா. மீன் விஷயம் எனக்கென்ன தெரியும்?"

அன்று மாலை சாமி தையல்கடைக்காரர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. டாக்டர் மனைவி பார்க்கப் போனாள். மோட்டார் நின்றது. தீர்த்தம் இறங்கியது. அறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது.

"கடல் மணக்குது பாருங்க" என்றார் சாமி.

கூட்டம் மூச்சை இழுத்தது. டாக்டர் மனைவி கடலைப் பார்த்திருக்கிறாள். கடல் இப்படி மணக்காது. இப்படி மணப்பது அவள் புருஷனின் சட்டை.

அவள் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளறையை எட்டிப் பார்த்தாள். தையல்கடைக்காரர் மனைவியையும் ஒருமுறை பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரா?"

"டாக்டரா? எங்க யாருக்கும் பல்லு வலிக்கலையேக்கா."

அவள் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தையல்கடைக்காரர் வீட்டுக்கு எப்ப போனீங்க?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

"உங்க சட்டை வாசனை அங்க அடிச்சுது."

"என் சட்டைக்கு என்ன வாசனை?" அவர் தோளை முகர்ந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"உங்க மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு. நான் தினமும் அந்தச் சட்டைக்குப் பக்கத்துல உட்கார்றவ. சொத்தைப் பல்லுல என்ன வைக்கிறீங்க?"

"கிராம்பு எண்ணெய்."

"அது என்ன பண்ணும்?"

"மரத்துப்போக வைக்கும்."

"மீனுக்குப் பல்வலி வருமா?"

"சாப்பிட விடேன்மா."

மறுநாள் தையல்கடைக்காரரின் புது மீன் செத்தது. நம்பிக்கை குறைந்தவள் மனைவிதான் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த நாள் சாமி பல் ஆஸ்பத்திரிக்கு எழுந்தருளினார். தெருவே வந்திருந்தது. நாற்காலிகள் போதவில்லை. கன்னம் வீங்கிய லாரி டிரைவர் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். அவர் சாமிக்காக வரவில்லை. சில்லறை பாலிதீன் பையோடு தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. மகள் பையின் வாயைப் பிடித்திருந்தாள். விடவே இல்லை.

சாமி தீர்த்தக் குப்பியைத் திறந்தார். யாருக்கும் எந்த வாசனையும் வரவில்லை. அந்த அறையே எப்போதும் அந்த வாசனைதான்.

"சாமி, ஒரு சந்தேகம்" என்றாள் டாக்டர் மனைவி. "வேலை செய்யறது மந்திரமா, தீர்த்தமா?"

"மந்திரம்தாம்மா உயிர். தீர்த்தம் வெறும் கடல் தண்ணி."

"தொட்டியில இருக்கறதும் உப்புத் தண்ணிதான். அப்ப இன்னைக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. போதும்."

சாமி கண்ணைத் திறந்தார். தொழில் நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"சொல்லுங்க சாமி, உங்களுக்கா முடியாது!" என்றார் தையல்கடைக்காரர். அவர் பக்தியில்தான் சொன்னார்.

சாமி மந்திரம் சொன்னார். சத்தமாகச் சொன்னார். முதலிலிருந்து மறுபடி சொன்னார். வீட்டுக்காரர் பொந்திலிருந்து வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். சாமி ஆசீர்வதிக்க விரலைத் தண்ணீரில் வைத்தார். வீட்டுக்காரர் கடித்தார்.

"ஆ!"

அந்த மந்திரத்தில் எல்லோருக்கும் புரிந்த ஒரே சொல் அதுதான்.

"இங்க நம்பிக்கை இல்லாதவங்க யாரோ இருக்காங்க" என்றார் சாமி, விரலைச் சப்பிக்கொண்டே.

"நான்தான்" என்றாள் டாக்டர் மனைவி. குப்பியை எடுத்தாள். பஞ்சில் ஒரு துளி விட்டு டிரைவரிடம் போனாள். "அண்ணே, வலிக்கிற பல்லுல இதை வெச்சுக் கடிங்க. வெறும் கடல் தண்ணியாம்."

டிரைவர் கடித்தார். முகம் சுளித்தது. பிறகு விரிந்தது.

"அக்கா, வலியக் காணோம்! நாக்கே இருக்கா இல்லையான்னு தெரியல!"

எல்லோரும் குப்பியைப் பார்த்தார்கள். பிறகு கூட்டம் சாமியின் காலில் விழுந்தது.

"பல்வலியும் தீர்க்கறார்!"

"அதிசயம்! அதிசயம்!"

சாமிக்கே ஆச்சரியம்தான். ஆனாலும் அனுபவசாலி. கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

டாக்டர் டிரைவரின் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். குப்பியிலிருந்து ஒரு சொட்டுத் தன் நாக்கில் வைத்தார். மூக்குதான் செத்திருந்தது, நாக்கு சாகவில்லை. அவர் உள்ளே போய்த் தன் அலமாரியிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து தீர்த்தத்தின் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். கிராம்பு எண்ணெய்."

"எண்ணெய் இருக்கட்டும் டாக்டர்" என்றார் தையல்கடைக்காரர். "அது மந்திரத்தோட சேர்ந்தாத்தான் மீன் சாயும்."

"அப்படியா?" என்றாள் டாக்டர் மனைவி. வீட்டுக்காரரைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்தாள். கணவரின் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் குலுக்கிக் கொஞ்சம் ஊற்றினாள். கண்ணை மூடினாள்.

"ஓர் பதிமூணு பதிமூணு. ரெண்டு பதிமூணு இருபத்தாறு. மூணு பதிமூணு முப்பத்தொம்போது..."

ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு என்றபோது வீட்டுக்காரர் ஒருக்களித்தார். எட்டு பதிமூணுக்கு முழுச் சரணாகதி.

உடனே அவரை நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் செவுள் வேகமாக அசைந்தது. வீட்டுக்காரர் நிமிர்ந்தார். பழையபடி கண்ணாடியை முட்டினார்.

"பார்த்தீங்களா? மயக்கம் தெளிஞ்சா பழைய குணம். அதே தண்ணியில புது மீனையும் விட்டீங்க. அதுக்கும் அரை மயக்கம். ஓட முடியாம கடி வாங்கிச் செத்துது."

தையல்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சாமியைத் தேடினாள். சாமி இல்லை. நீல அங்கியின் ஒரு முனை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. தையல்கடைக்காரர் முதல்முறையாக ஒரு கிழிசலைச் சந்தோஷமாகப் பார்த்தார்.

டாக்டர் மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தொட்டிக் கற்களை எல்லாம் கலைத்து அடுக்கினாள். பொந்து இருந்த இடத்தில் பொந்து இல்லை. ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி, சில்லறையை அதில் விட்டாள். விளக்கை அணைத்தாள். வீட்டுக்காரருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டுத் தொட்டிக்குத் திருப்பினாள். வீட்டுக்காரர் தன் வீட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. பெட்டியை முட்டினார். கடிக்க முடியவில்லை. சில நாள் முட்டி அலுத்துப்போனார். தனக்கே விலாசம் இல்லாதபோது அடுத்தவரைக் காலி செய்வது எப்படி? பிறகு பெட்டியைத் திறந்தாள். சில்லறை வெளியே வந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்காரர் ஒருமுறை துரத்தினார், பாதியில் விட்டுவிட்டார். இருவரும் இன்றுவரை ஒரே தொட்டியில் இருக்கிறார்கள்.

இந்த முறை ஒன்றும் ரகசியமில்லை. மீன் கடைக்காரர் மீனை விற்கும்போதே எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்பினார். கண்ணைத் திறந்துகொண்டு சொன்னதால் யாரும் கேட்கவில்லை.

அன்று கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் டாக்டர் மனைவியின் பக்கத்தில் வந்து தயங்கினார்.

"அம்மா, அந்தப் பதிமூணாம் வாய்ப்பாட்டை மட்டும் எனக்கு எழுதித் தரீங்களா? நல்ல சக்தி இருக்கு."

மீனை மயக்க எண்ணெயாவது தேவைப்பட்டது. நமக்கு அந்தச் செலவுகூட இல்லை. யாராவது கண்ணை மூடினால் போதும். இனி ஒருவர் உங்கள் முன்னால் கண்ணை மூடினால், நீங்கள் உங்கள் கண்ணைத் திறந்து வையுங்கள்.