தாராவி வியாபாரிகளுக்கு நான் போட்ட பூட்டு

இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு மடிக்கணினியும் கைதட்டலும் ஒரே நேரத்தில் கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்துத் தொலைத்தன.

மும்பையில், செம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் எழுதினேன். எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலி. பெட்டகத்தைத் திறக்க ஒரு ரகசியத் தொடர் உண்டு. நான்கு தமிழ்ச் சொற்களைக் குலுக்கிப் போட்டுச் செயலியே அதை உருவாக்கித் தரும். நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் படித்துப் பிழை சொல்லலாம். (ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிழையே இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.)

என் அக்காவின் கணவர், தாராவியில் தோல் பை கடை வைத்திருக்கும் அத்தான், வியாபாரிகள் சங்கச் செயலாளர். ஒரு ஞாயிறு காலை சங்கக் கூடத்தில் எனக்கு மேடை போட்டுக் கொடுத்தார். அக்கா உட்படப் பதினெட்டு பேர் போனில் செயலியை ஏற்றிக்கொண்டார்கள். கட்டிய மனைவியிடம்கூடத் தொடரைச் சொல்லக் கூடாது என்று விரலை ஆட்டி எச்சரித்தேன். ஆளாளுக்குப் போனை மார்போடு அணைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்தார்கள். சங்கத் தலைவர் அண்ணாச்சி பொன்னாடை போர்த்தினார். மே மாத வெயிலில் அதைக் கழற்றாமலே வீடு வரை நடந்தேன்.

மூன்றாம் நாள், உடனே கடைக்கு வரச் சொல்லி அக்கா கூப்பிட்டாள்.

போனேன். அக்கா, அத்தான் இருவரிடமும் ஒரே மாதிரி போன். மேசையில் கிடந்த அக்காவின் போனைத் தன்னுடையது என்று எடுத்து, அத்தான் தன் தொடரை அடித்திருக்கிறார். அவளுடைய பெட்டகம் திறந்துகொண்டது.

"ஏல மகேசு, இவரு என்னை வேவு பாக்காரு. நீதான சொல்லிக் குடுத்த?" என்றாள் அக்கா.

தான் அடித்தது தன் தொடரைத்தான் என்று அத்தான் சத்தியம் செய்தார். அப்படியானால் அதைச் சொல்லச் சொன்னாள் அக்கா. பாதுகாப்பு விதிப்படி அது தவறு என்று நான் (அந்த நேரத்திலும்) ஆரம்பித்தேன். அத்தான் காதில் வாங்கவில்லை.

"எருமை சம்பந்தி வழுக்கை இட்லி."

அக்கா வாயைத் திறப்பதற்குள், கடையில் பை பார்த்துக்கொண்டிருந்த தலைவர் அண்ணாச்சி திரும்பினார். அவருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

"தம்பி, அது என்னுதுல்லா? எனக்குன்னு வேணும்னே வச்சிருக்கியோன்னு மூணு நாளா மனசுக்குள்ளயே வச்சு மறுகிட்டிருந்தேன்."

சோதித்துப் பார்க்கும்போது வசதிக்காகக் குலுக்கலை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். பதினெட்டு பேருக்கும் அதே எருமை, அதே இட்லி.

அன்று கடை கடையாக ஏறினேன். ஒவ்வொருவரும் தொடரைச் சொல்ல மாட்டேன் என்று வீராப்பாக நின்றார். நானே சொன்னேன். அவர்கள் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க முடியாமல் நிலைப்படியைப் பார்த்தேன். யாருக்கும் எதுவும் களவு போகவில்லை. அத்தனை பேரும் ரகசியத்தை அவ்வளவு நேர்மையாகக் காத்திருந்தார்கள்; கோட்டை விட்டது நான் ஒருவன்தான்.

போன மாதம் என் மனைவி உண்டாகியிருக்கும் செய்தியை அக்காவிடம் மெதுவாகச் சொல்லி, இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன்.

"இது நெசமான ரகசியமா, மகேசு ரகசியமா?" என்று கேட்டாள்.

ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு எங்கள் குடும்பத்தில் அதுதான் பெயர். என் மனைவி அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.